மேற்படி என்று எழுதிய தலைவலி

என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு மாதம் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் நோயாளர் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். மருந்து கொடுப்பவர் முதலில் மறுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

நான் தேடிய நாளில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். பத்துப் பேர் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள். முதல் பெயர் எங்கள் பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவுடையது. அதற்கு எதிரே, நோய் என்ற கட்டத்தில், தலைவலி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அடுத்த பெயருக்கு எதிரே இரண்டு சின்னக் கோடுகள். அதற்கடுத்த பெயருக்கும் அவையே. மேற்படி, மேற்படி, மேற்படி. மருந்துக் கட்டத்திலும் அப்படியே கீழே இறங்கியிருந்தது. ஏழாவது பெயர் என் மகள் நிரோஷனி. அவளுக்கும் இரண்டு கோடுகள்.

அன்று அவள் தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் பட்டாணி அளவுக்கு ஊதியிருந்தது.

எங்களைப் போலத் தோட்டங்களில் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் கஹவத்தைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் மனைவி பரமேஸ்வரி இருபத்திரண்டு வருடமாக அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். வாத்தியாரின் மனைவி ஏன் இன்னும் மலைக்குப் போகிறாள் என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பார்கள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்த ஆளாக இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள். வேறு காரணம் இல்லை.

கொழுந்தெடுப்பதைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கூடையானாலும், இப்போது பலர் வைத்திருக்கும் சாக்குப் பையானாலும், அதன் கயிறு தலையில்தான் மாட்டப்படும். பை முதுகில் தொங்கும். பாரம் உச்சந்தலையில் இறங்கும். கயிறு உட்காரும் இடத்தில் பெண்களுக்கு முடி தேய்ந்து போயிருக்கும். மழை பெய்து கொழுந்து நனைந்துவிட்டால் பாரம் இன்னும் கூடும். மாலையில் எல்லாருக்கும் தலை வலிக்கும். அதற்கு எங்கள் தோட்டத்தில் கயிற்று வலி என்று பெயர். அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. வெயில், மழை, அட்டைக்கடி மாதிரி அதுவும் ஒன்று.

நிரோஷனிக்குப் பதினேழு வயது. உயர்தரம் படிக்கிறாள். பரமேஸ்வரிக்குத் தோள்பட்டை வலி வந்த பிறகு, தோட்டம் வைத்திருக்கும் கிலோ அளவை அவளால் எட்ட முடியவில்லை. எட்டாவிட்டால் அரைப்பேர்தான். முழு நாள் மலையில் நின்றவளுக்கு அரை நாள் வேலை என்று எழுதுவார்கள். அதனால் சனி, ஞாயிறிலும் விடுமுறையிலும் மகள் ஒரு பையைத் தலையில் மாட்டிக்கொண்டு தாயோடு போனாள். தான் எடுத்ததைத் தாயின் பையில் கொட்டினாள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, பிள்ளைகளை மலைக்கு அனுப்பாதீர்கள் என்று பேசுகிறவன் நான். என் வீட்டில் நடந்ததைப் பார்த்தும் பார்க்காதவன் போல் இருந்தேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் அவளுக்குத் தலைவலி தொடங்கியது. முதலில் மாலையில் மட்டும் வந்தது. பிறகு பாடசாலை நாட்களிலும் வந்தது. கயிற்று வலி என்று நான் சொன்னேன். பழக்கமில்லாத தலை, போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். பரமேஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை.

"கயித்து வலி எனக்குத் தெரியாதாங்க? அது உச்சியில இருந்து பிடரிக்கு எறங்கும். கயித்த எடுத்து, கொஞ்சம் எண்ணெய வச்சுத் தேச்சா கொறையும். இவளுக்குக் கண்ணுக்குப் பின்னால குத்துதாம். எண்ணெய்க்கும் கேக்கல."

அவள் இதைச் சொன்னபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் இருக்கிறதுதானே என்று சொல்லிவிட்டு, தலையைத் தூக்காமல் அடுத்த தாளை எடுத்தேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பரமேஸ்வரி அவளை டிஸ்பென்சரிக்கு இரண்டு முறை கூட்டிப் போனாள். இரண்டு முறையும் காகிதத்தில் சுற்றிய குளிசை கிடைத்தது. கண்ணுக்குப் பின்னால் என்று அவள் சொன்னது பதிவேட்டில் ஏறவில்லை. மேலே ஏற்கெனவே ஒரு தலைவலி இருந்தது. கோடு போடுவது சுலபம்.

ஒரு திங்கட்கிழமை காலை, நான் பாடசாலைக்குப் போன பிறகு, நிரோஷனி கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தாள். இடது கண்ணின் மேல் இமை பாதி இறங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்து, "அம்மா, நான் ஒனக்குக் கண்ணடிக்கிறேன் பாரு" என்றாளாம். பரமேஸ்வரி சிரிக்கவில்லை. மலைக்குப் போக எடுத்த பையை ஆணியில் திரும்ப மாட்டினாள். யாரிடமும் சொல்லாமல், யாரிடமும் கேட்காமல், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இரண்டு பஸ் மாறி மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவர்கள் பஸ் ஏறுவதைப் பார்த்த முத்தம்மா அக்காவின் மகன் இடைவேளையில் வந்து எனக்குச் சொன்னான். எனக்கு வந்தது பயம் அல்ல, எரிச்சல். ஒரு தலைவலிக்கு ஒரு நாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டுப் போயிருக்கிறாளே என்று நினைத்தேன்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. பகலில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் நான் வெளியே வராந்தாவில் போட்டிருந்த நீள மர வாங்கில் இருந்தேன். பரமேஸ்வரி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்கும் வார்டு அது. நிரோஷனியோடு படுத்தவர் குருவிட்டவிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா. அவருடைய மகன் கொண்டுவந்த சோற்றில் பாதியை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார். சொந்தக்காரர்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள்.

முதல் நாள் இரத்தம் எடுத்தார்கள். கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். விரலை ஆட்டி, பார்வையால் பின்தொடரச் சொன்னார்கள். நிரோஷனிக்குச் சிங்களம் நன்றாக வரும். அதனால் தாயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மகளோ தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். மலையில் பை சுமந்ததைச் சொல்ல அவளுக்கு வெட்கம். உயர்தரம் படிக்கும் பிள்ளை என்று மிஸ்ஸிமார், அதாவது தாதிமார், அவளைச் செல்லமாக நடத்தினார்கள். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் அதே வெட்கம்தான்.

மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று முதலில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கசியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் காத்திருந்து இரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஊசி வழியாக ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். அது இரத்தத்தோடு தலைக்குப் போகும் நேரத்தில் படம் எடுத்தால் இரத்தக்குழாய்கள் வெள்ளையாகத் தெரியும். வெளியே வந்தவுடன் நிரோஷனி என் காதோடு சொன்னாள்: "ஒடம்பெல்லாம் சுட்டுச்சுப்பா. படுத்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டேனோன்னு பயந்து தடவிப் பாத்தேன்."

மறுநாள் வார்டு டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் கணினித் திரையில் படத்தைக் காட்டினார். வேரோடு பிடுங்கி மண்ணை உதறிய ஒரு சின்ன மரம் மாதிரி, சிவப்பு நிறத்தில், என் மகளின் மூளை இரத்தக்குழாய்கள் சுழன்றன. எலும்பு இல்லை, சதை இல்லை. குழாய்கள் மட்டும். கணினி மற்றதையெல்லாம் நீக்கிவிட்டுக் குழாய்களைத் தனியே பிரித்துக் கொடுக்கும் என்றார். எந்தக் குறையும் இல்லை, இது ஒற்றைத் தலைவலி, இமை இறங்கியதும் அதனால் இருக்கலாம், தூக்கமின்மையாலும் இருக்கலாம், ஒரு மாதம் கழித்து கிளினிக்குக்கு வாருங்கள் என்றார். டிக்கட்டை வெட்டச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

நான் அந்தச் சிவப்பு மரத்தை நம்பினேன். அவ்வளவு துப்புரவாக இருந்தது. கணக்குப் படித்தவன் கணக்குப் போட்டு வந்த படத்தை நம்பாமல் எதை நம்புவான்? ஓடிப்போய்ப் பரமேஸ்வரியிடம் சொன்னேன். உடுப்பையெல்லாம் எடு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றேன்.

அவள் அசையவில்லை.

"வலி எங்க போச்சு?" என்று கேட்டாள்.

கம்ப்யூட்டரில் எல்லாம் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் இல்லை என்றேன்.

"ஒண்ணும் இல்லாம எம்புள்ளைக்குக் கண்ணு தொங்குதா? நான் கூட்டிட்டு வர மாட்டேங்க. நீங்க வேணும்னா மூணு மணி பஸ்ஸுல போங்க."

வார்டு முழுவதும் பார்த்தது. ஒரு மிஸ்ஸி வந்து, கட்டில் வேண்டும், வெளியே இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். அது உண்மைதான். எனக்கு அவமானமாக இருந்தது. படிக்காதவள் போல் நடந்துகொள்ளாதே என்று என் மனைவியிடம், எல்லார் முன்னிலையிலும், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரிங்க, நான் படிக்காதவ. படிச்ச நீங்க போய்க் கேளுங்க, படம் புடிச்சவங்க கண்ணுக்குப் பின்னால பாத்தாங்களான்னு. பாத்தோம்னு அவங்க வாயால சொல்லட்டும். நான் வாரேன்."

அவள் வாயை மூடத்தான் நான் கீழே ஸ்கேன் பகுதிக்குப் போனேன். மகளுக்காகப் போகவில்லை. இதை நிரோஷனியிடமும் சொல்லியிருக்கிறேன்.

அங்கே கதவு திறக்கும்வரை நின்றேன். வெளியே வந்தவர் இளம் டொக்டர். ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் பிரிவில் பயிற்சியில் இருப்பவர். பெயர் ஃபர்ஹானா. வரக்காப்பொலை ஊர்க்காரர். நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு, அவரும் தமிழில், என்ன வேணும் என்று கேட்டார். சொன்னேன். அந்த ரிப்போர்ட்டை எழுதும்போது பக்கத்தில் இருந்தவர் அவரே. முகம் கொஞ்சம் இறுகியது. ஆனாலும் கேட்டார்.

"வலி சரியா எந்த எடத்துல, சேர்? எந்தப் பக்கம்? வலி மொதல்ல வந்ததா, இமை மொதல்ல எறங்கினதா?"

எனக்குத் தெரியவில்லை. இடது கண் என்பது மட்டும் நினைவில் இருந்தது. மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்த தலைவலி. பெற்ற மகளுடைய தலைவலி. அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அம்மாவுக்குத்தான் தெரியும் என்றேன்.

"அப்ப அவங்களக் கூட்டிட்டு வாங்களேன்."

பரமேஸ்வரி வந்தாள். அவளுக்குக் கூச்சம் ஏதும் இல்லை. டொக்டரின் முன்னால் நின்று தன் தலையையே தொட்டுக் காட்டினாள். கயிறு உட்காரும் இடம் இது, அங்கே முடி இல்லை பாருங்கள் என்றாள். இந்த வலி இப்படி இறங்கும், எல்லாருக்கும் இப்படித்தான் என்று விரலைப் பிடரிவரை இழுத்தாள். பிறகு இடது புருவத்துக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினாள்.

"இவளுக்கு இங்க. உள்ளுக்கு. ஆணி எறங்குற மாதிரின்னு சொல்றா. மூணு மாசமா வலி. இமை இப்பத்தான். ஒரே பக்கம், டொக்டரம்மா. கயிறு எப்பவாச்சும் ஒரு கண்ண மட்டும் வலிக்க வைக்குமா?"

டொக்டர் ஃபர்ஹானா நேரே உள்ளே போனார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். அவர் திரையில் அந்தச் சிவப்பு மரத்தை மூடிவிட்டு வேறு படங்களைத் திறந்ததை நான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, மண்டையை மெல்லிய வட்டங்களாக வெட்டி அடுக்கியது போன்ற படங்கள். மேலே போனார், கீழே வந்தார். ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக நகர்த்தினார். பிறகு கை நின்றது. தொலைபேசியை எடுத்துத் தன் பெரிய டொக்டரை வரச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் எல்லாம் மாறிவிட்டது. நிரோஷனியைத் தனிக் கட்டிலில் கிடத்தினார்கள். எழும்பக் கூடாது, முக்கக் கூடாது, இருமலைக்கூட அடக்க வேண்டும் என்றார்கள். காலையில் அதே பிள்ளை தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். அப்போது யாரும் தடுக்கவில்லை. மூன்று மணி பஸ்ஸில் ஏறியிருந்தால் கஹவத்தை ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் அவள் தலை குலுங்கியிருக்கும்.

அன்று மாலை டொக்டர் ஃபர்ஹானா வராந்தாவுக்கே வந்து என் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார். நான் கணித ஆசிரியர் என்று பரமேஸ்வரி சொல்லியிருந்தாள். அதனால் மறைக்காமல் விளக்கினார். எனக்குப் புரிந்ததைப் புரிந்தபடி எழுதுகிறேன்.

ஸ்கேன் படம் கோடிக்கணக்கான சின்னப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு எண் உண்டு. மருந்து கலந்த இரத்தம் வெள்ளையாகத் தெரியும். எலும்பும் வெள்ளையாகத் தெரியும். இரத்தத்தின் எண்களை ஒரு வரைபில் போட்டால் ஒரு குன்று வரும். எலும்பின் எண்களைப் போட்டால் பக்கத்தில் இன்னொரு குன்று வரும். இரண்டு குன்றின் அடிவாரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அந்த இடத்தில் விழும் புள்ளி இரத்தமா, எலும்பா என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே கணினி நிகழ்தகவு பார்க்கும். சுற்றியிருக்கும் புள்ளிகளையும் பார்க்கும். அக்கம்பக்கம் பெரும்பாலும் எலும்பாக இருந்தால் இதுவும் எலும்பு என்று எழுதி நீக்கிவிடும். தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துணுக்கை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். அப்படிச் செய்தால்தான் படம் துப்புரவாக வரும்.

என் மகளின் கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில் எலும்பு முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாருக்கும் இருக்கும். இரத்தக்குழாய் ஊதிய இடம் அந்த முனையைத் தொட்டபடி இருந்தது. கண் இமையைத் தூக்கும் நரம்பு பக்கத்திலேயே போகிறது. ஊதல் அதை அழுத்தியது, இமை இறங்கியது. கணினி அந்த ஊதலை எலும்போடு சேர்த்து நீக்கிவிட்டது.

"மெஷின் மேல மட்டும் பழி போட ஏலாது, சேர். ஆயிரம் பேருக்கு அது நல்லாத்தான் பிரிச்சுக் குடுக்குது. வெட்டுப் படங்களையும் ஒண்ணொண்ணாப் பாக்கணும்னுதான் எங்களுக்குப் படிப்பிச்சிருக்காங்க. அன்னைக்கு வரிசையா ஆக்கள் இருந்தாங்க. அழகான படத்தப் பாத்துட்டு நாங்க கையெழுத்து வச்சிட்டோம். பிழை எங்கட."

அவர் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னதால்தான் நான் அவரைத் திட்டவில்லை. ஆனால் கோபம் எங்கும் போகவில்லை. ஆசிரியர் கலாசாலையில் அந்த இரண்டு குன்றுகளையும் நான் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஒன்றின்மேல் ஒன்று விழும் அந்தச் சின்னப் பகுதியைச் சாய்கோடு போட்டு நிழலடிப்போம். பக்கத்தில் பிழை என்று எழுதுவோம். பிழை சிறியது, ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவோம். நிழலடித்த இடத்தில் யாராவது இருப்பார்கள் என்று எந்த விரிவுரையாளரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கே என் மகள் இருந்தாள்.

மறுநாள் அம்புலன்சில் கொழும்புக்கு அனுப்பினார்கள். தாய் மகளோடு போனாள். நான் பஸ்ஸில் பின்னால் போனேன். அங்கே செய்தது தலையைத் திறக்காத சிகிச்சை. தொடையில் உள்ள இரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, இதயத்தைத் தாண்டி, கழுத்து வழியாக மூளைவரை கொண்டுபோவார்கள். ஊதிய இடத்துக்குள் முடி போன்ற பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளாக அடைப்பார்கள். அடைத்துவிட்டால் உள்ளே இரத்தம் பாயாது. வெடிக்காது. கையெழுத்துக்கு முன்னால், செய்யும்போதே வெடிக்கவும் கூடும் என்று அந்த டொக்டர் சொன்னார். எத்தனை பேருக்கு ஒருவர் என்றும் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். எண்களோடு எனக்கு அப்போது பேச்சுவார்த்தை இல்லை.

உள்ளே கொண்டுபோகும்போது நிரோஷனி தாயின் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இமை இறங்கிய கண்ணால் பார்த்ததால் உண்மையாகவே கண்ணடித்தது போல் இருந்தது. "பயப்படாதீங்கப்பா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்றாள். தள்ளுவண்டியைத் தள்ளியவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் மூன்று பேருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

ஐந்து மணி நேரம் ஆனது. நடுவில் பரமேஸ்வரியின் போன் அடித்தது. முத்தம்மா அக்கா. பரமேஸ்வரி மலைக்குப் போகாத நாட்களில் பேர் விட்டுப்போகக் கூடாது என்று அவள் கூட்டத்துப் பெண்கள் ஒரு வேலை செய்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி, இரண்டு பிடி என்று தங்கள் கொழுந்திலிருந்து எடுத்து ஒரு பையில் போட்டு, அதைப் பரமேஸ்வரி பெயரில் நிறுக்கக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பையைத் தன் பையோடு சேர்த்துத் தலையில் சுமந்தவர் முத்தம்மா அக்கா. நிறுத்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை பையைப் பார்த்தார், ஆளைத் தேடவில்லை. "பேரு போட்டாச்சு. நீ புள்ளையப் பாரு" என்று அக்கா போனில் சொன்னது எனக்கும் கேட்டது. பரமேஸ்வரி அத்தனை நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

கதவு திறந்தது. சரியாக அடைத்தாயிற்று என்றார்கள்.

இமை மேலே ஏற மூன்று மாதம் எடுத்தது. இப்போது இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருக்கின்றன. களைத்தால் மட்டும் இடது கண் கொஞ்சம் சிறுக்கும். பாடசாலைக்குப் போகிறாள். மலைக்குப் போவதில்லை. தலையில் எந்தக் கயிறும் ஏறக்கூடாது என்று பரமேஸ்வரி சொல்லிவிட்டாள். கயிற்றால் வந்த நோய் இல்லை என்று டொக்டர்கள் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பதிவேட்டை அந்த மருந்து கொடுப்பவர் முன்னால் விரித்து, ஏழாவது வரியில் விரலை வைத்து, இது யார் தெரியுமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே மருந்துக்கு நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உங்கள் பிள்ளையாக இருந்தால் கோடு போடுவீர்களா என்று கேட்டேன். அவர் என் விரல் இருந்த வரியைக் குனிந்து படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சேர், அந்த வாரம் ரோட்டுல உங்களக் கண்டேன். மகளுக்கு எப்படின்னு கேட்டேன். நீங்கதான சொன்னீங்க, கயித்து வலிதான், ரெண்டு குளிசை குடுத்து அனுப்புங்கன்னு."

எனக்கு நினைவு வந்தது. கையில் குடை இருந்தது. மழை தூறியது. நிற்காமல், நடந்துகொண்டே சொன்னேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டு எழுதுவதற்குத்தான் அவர் அங்கே இருக்கிறார். ஆனால் அந்தக் கோடுகளில் ஒன்று என் கையால் போட்டது. பதிவேட்டை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை பரமேஸ்வரி மலையிலிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து உச்சியை விரலால் தேய்த்தாள். இருபத்திரண்டு வருடமாக அவள் தினமும் செய்வது. நான் பக்கத்தில் போய் நின்று, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னது?"

"தலை. உச்சியிலயா, வேற எங்கயுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உச்சியிலதாங்க. கல்யாணம் கட்டினப்ப கேட்டிருந்தா ரெண்டு எடம் சேத்துச் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு பக்கத்து வாசலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். "அக்கா, வாத்தியாரு இன்னைக்கு வீடு வீடாக் கேக்குறாரு. ஒங்களுக்குத் தலவலி எங்கன்னு சொல்லிருங்க, எழுதிக்கிருவாரு."

முத்தம்மா அக்கா அடுப்புக்கு விறகு ஒடித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. கேலி என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலும். கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"எனக்குப் பின்மண்டையில தம்பி. வலது பக்கம். ஒரு மாசமா இந்தக் கையி மரத்து மரத்துப் போகுது. காலையில கூட வெறகு கைநழுவிப் போச்சு. கயித்து வலிதான். என்ன செய்ய?"

பரமேஸ்வரியின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய், மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, முதல் பஸ்ஸுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டு, முத்தம்மா அக்காவின் வாசலுக்குப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது தொடங்கியது என்பதிலிருந்து கேட்டேன்.